நேற்று அவனைப் பார்த்திருக்கிறேன்: ஓர் ஆங்கிலப் பிழையின் இந்திய வரலாறு

ஆங்கிலக் கட்டுரை ஏடுகளைத் திருத்தும் எந்த இந்திய ஆசிரியரும் உடனே அடையாளம் காணக்கூடிய வாக்கியங்கள் இரண்டு உண்டு. ஒன்று, 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே'. மற்றொன்று, 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்'. முதல் வாக்கியத்தில் 'யெஸ்டர்டே' இருப்பதால் 'ஹேவ்' வரக்கூடாது. 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' என்றே எழுத வேண்டும். இரண்டாவதில் 'ஆம் லிவிங்' இருக்கும் இடத்தில் 'ஹேவ் பீன் லிவிங்' வரவேண்டும். 'சின்ஸ்' இருக்கும் இடத்தில் 'ஃபார்' வரவேண்டும். ஒரு வாக்கியத்தில் தேவையில்லாத இடத்தில் 'ஹேவ்' நுழைந்துவிட்டது. மற்றொன்றில் தேவையான இடத்தில் அது வரவில்லை. இரண்டும் பிரசண்ட் பெர்ஃபெக்ட் என்று பள்ளிகளில் அழைக்கப்படும் நிறைவு நிகழ்காலத்தைப் பற்றிய பிழைகள்.

இந்தப் பிழைகளில் வியப்புக்குரியது அவற்றின் பரவல். இந்தியும் வங்காளமும் இந்தோ-ஆரிய மொழிகள். கன்னடமும் தமிழும் திராவிட மொழிகள். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த தாய்மொழிகளைப் பேசும் மாணவர்கள், ஒருவரையொருவர் அறியாமல், தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் இடறுகிறார்கள். ஒரு மாணவரின் பிழையைக் கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். ஒரு துணைக்கண்டத்தின் பிழையை அவ்வாறு சொல்லிவிட முடியாது. அதன் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கவேண்டும். அந்த ஒழுங்கைக் காணாமலே இந்தியக் கல்வி இருநூறு ஆண்டுகளாக இவ்வடிவத்தைப் பயிற்றிவந்துள்ளது என்பதே இதன் வரலாறு.

அவ்வரலாறு ஒரு முரணோடு தொடங்குகிறது. 1823 டிசம்பர் 11 அன்று இராஜா ராம்மோகன் ராய் தலைமை ஆளுநர் ஆம்ஹர்ஸ்டுக்கு ஒரு மடல் எழுதினார். கல்கத்தாவில் சமஸ்கிருதக் கல்லூரி தொடங்க அரசு ஒதுக்கும் பணத்தைக் கணிதம், இயற்பியல், வேதியியல், உடற்கூற்றியல் போன்ற துறைகளுக்குச் செலவிடுமாறு அவர் வேண்டினார். இளைஞர்கள் தம் வாழ்வின் மிக மதிப்புள்ள ஆண்டுகளை இலக்கண நுணுக்கங்களில் இழக்கிறார்கள் என்பது அவருடைய முதன்மையான வாதங்களுள் ஒன்று. 'உண்கிறான்' என்னும் பொருளுடைய ஒரு வினைவடிவத்தில் உண்ணும் செயலையும் உண்பவனையும் எந்தப் பகுதி குறிக்கிறது என்று ஆராய்வதால் நாட்டுக்கு என்ன பயன் என்று அவர் எள்ளலோடு கேட்டார். அவர் கேட்ட மேற்கத்தியக் கல்வி பின்னர் வந்தது. ஆனால் அது வந்த பாதையில் மாணவர்களின் முன் நின்றது மீண்டும் ஒரு வினைவடிவ அட்டவணையே. 'ஈட், ஏட், ஈட்டன்' என்றும் 'கோ, வெண்ட், கான்' என்றும் உருப்போடும் ஓசை இன்றும் ஓயவில்லை.

இந்த உருப்போடலுக்கு விலை இருந்தது. 1835 பிப்ரவரியில் மெக்காலேயின் குறிப்பும், அடுத்த மாதம் பெண்டிங்கின் தீர்மானமும் அரசின் கல்விப் பணத்தை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பின. 1844இல் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச், அரசுப் பணிகளில் ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு முன்னுரிமை தரும் தீர்மானத்தை வெளியிட்டார். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றின் தேர்வுகள் வேலைக்கான நுழைவாயில்களாயின. இங்கிலாந்தில் ஒரு சிறுவன் வினைவடிவத்தைத் தவறாக எழுதினால் கண்டிக்கப்பட்டான். இந்தியாவில் அதே தவறு ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தைத் தொட்டது.

பயிற்சி முறையோ இந்தியருக்காக உருவாக்கப்பட்டதன்று. 'பின்வரும் வாக்கியத்தில் உள்ள பிழையைத் திருத்துக' என்னும் வினாவகை 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் படைப்பு. 1745இல் ஆன் ஃபிஷர் வெளியிட்ட இலக்கண நூலில் வேண்டுமென்றே தவறாக எழுதப்பட்ட வாக்கியங்கள் பயிற்சிகளாக இடம்பெற்றன. 1762இல் ராபர்ட் லோத் தம் இலக்கணத்தின் அடிக்குறிப்புகளில் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர்களின் 'பிழை'களை அடுக்கினார். 1795இல் லிண்ட்லி மரேயின் இலக்கணம் வந்தது. இரண்டு ஆண்டுகளில் அதற்கான பயிற்சி நூலும் வந்தது. யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக எழுதப்பட்ட மரேயின் நூல் ஆங்கிலம் சென்ற இடமெங்கும் சென்றது; இந்தியாவுக்கும் வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகளுக்கு அது ஒரு மெருகேற்றும் கருவி. அவர்கள் மொழியை ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். எந்த வடிவம் மதிப்புக்குரியது என்பதை மட்டும் கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது. மொழியையே அறியாத மாணவருக்கு அதே நூல் கற்பிக்கும் கருவியாகத் தரப்பட்டபோது, கற்பித்தலின் இடத்தைத் திருத்தம் பிடித்துக்கொண்டது.

அந்நூல்கள் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. சொல்வரிசை ஓர் அத்தியாயமாகவும் நிறைவு நிகழ்காலம் வேறோர் அத்தியாயமாகவும் அவற்றில் பிரிந்து நின்றன. ஆனால் ஆங்கில மொழியின் வரலாற்றில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை உருபுகள் இருந்தன. யார் செய்தார், எதைச் செய்தார் என்பதை உருபு காட்டியதால் சொற்கள் ஓரளவு இடம் மாறலாம். வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்பதும், குறிப்பாகச் சார்பு வாக்கியங்களில், இயல்பாக இருந்தது. அக்காலத்தில் 'ஹேவ்' என்பது 'உடைமை' என்னும் முழுப்பொருள் கொண்ட வினை. 'கடிதத்தை எழுதப்பட்ட நிலையில் உடையேன்' என்பது போன்ற அமைப்பில், 'எழுதப்பட்ட' என்னும் சொல் கடிதத்துக்கு அடைமொழியாக நின்று, சில இடங்களில் அதற்கேற்ற உருபையும் ஏற்றது. பின்னர் உருபுகள் தேய்ந்தன. யார், எதை என்பதைச் சொல்லும் பொறுப்பு சொல்லின் இடத்துக்கு வந்துசேர்ந்தது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் வரிசை படிப்படியாக இறுகியது. அந்த இறுக்கத்தில் 'ஹேவ்' தன் உடைமைப் பொருளை இழந்து துணைவினையாயிற்று. வினையெச்சம் அதன் அருகே நகர்ந்து ஒட்டிக்கொண்டது.

இன்றைய ஆங்கிலத்தில் அந்தப் பிரிவின் தழும்பைக் காணலாம். 'ஐ ஹேவ் ரிட்டன் தி லெட்டர்' என்றால் கடிதத்தை எழுதி முடித்திருக்கிறேன். 'ஐ ஹேவ் தி லெட்டர் ரிட்டன்' என்றால் கடிதம் எழுதப்பட்ட நிலையில் என்னிடம் இருக்கிறது. எழுதியவர் வேறொருவராகவும் இருக்கலாம். இரண்டிலும் சொற்கள் அவையே. இடம் மாறியதும் காலமும் பொருளும் மாறிவிடுகின்றன. ஆகவே நிறைவு நிகழ்காலம் என்பது சொல்வரிசை நிலைபெற்றதன் விளைவுகளில் ஒன்று எனலாம். இவ்விரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்யும் மாணவர், ஒரே கதையின் இரண்டு பாதிகளை வெவ்வேறு நூல்களில் படிப்பவரைப் போன்றவர்.

இன்னொரு செய்தியையும் அந்நூல்கள் சொல்லவில்லை. 'நேற்று' போன்ற காலச்சொல்லோடு நிறைவு வடிவம் சேரக்கூடாது என்னும் கட்டுப்பாடு ஆங்கிலத்தில் தொன்றுதொட்டு இருந்ததன்று. இடைக்கால ஆங்கிலத்திலும் ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்திலும் அத்தகைய சேர்க்கைகள் காணப்படுகின்றன. கட்டுப்பாடு இறுகியது பிற்காலத்தில். அதுபோலவே 'வந்திருக்கிறான்' என்பதற்கு 'ஹி இஸ் கம்' என்று 'இரு' என்னும் பொருளுடைய துணைவினையைப் பயன்படுத்துவதும் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் 'ஹி ஹேஸ் கம்' அதை ஏறக்குறைய முழுமையாக அகற்றியது. மெக்காலே தம் குறிப்பை எழுதிய காலத்தில்கூட ஆங்கிலத்தின் இந்தப் பகுதி முழுமையாக உறையவில்லை.

இனி மாணவரின் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். இந்தியாவின் பெரிய மொழிகள் பலவற்றில் ஆங்கில 'ஹேவ்' போன்ற உடைமை வினை அன்றாட வழக்கில் இல்லை. 'ஐ ஹேவ் எ புக்' என்பதைத் தமிழர் 'என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது' என்பார். இந்தி பேசுபவர் 'மேரே பாஸ் ஏக் கிதாப் ஹை' என்பார். இரண்டிலும் புத்தகமே எழுவாய், வினை 'இருத்தல்'. நிறைவுப் பொருளைத் தரும் துணைவினையும் அதே 'இருத்தல்'தான். தமிழில் 'பார்த்திருக்கிறேன்', இந்தியில் 'தேகா ஹை'. ஆங்கிலம் உடைமையிலிருந்து நிறைவுப் பொருளைப் பெற்றது; இம்மொழிகள் இருப்பிலிருந்து பெற்றன. இந்திய மாணவருக்கு 'ஹேவ்' இரண்டு வகையில் அயலானது: தனி வினையாகவும், துணைவினையாகவும்.

அடுத்தது 'நேற்று'. வங்காளத்தில் 'ஆமி தாகே கால் தேகேச்சி' என்பது முற்றிலும் இயல்பான வாக்கியம். நிறைவு வடிவமும் நேற்றும் அங்கே பகையின்றி அருகருகே நிற்கின்றன. இந்தியிலும் 'மைனே உஸே கல் தேகா ஹை' என்று சொல்வதற்குத் தடையில்லை. 'கல்' என்னும் சொல்லுக்கு நேற்று, நாளை என்னும் இரு பொருளும் உண்டு என்பதை இங்கே நினைவுகூரலாம். எந்த நாள் என்பதை வினையே தீர்மானிக்கிறது. தமிழில் 'நேற்று அவனைப் பார்த்திருக்கிறேன்' என்பதற்குச் சூழலைப் பொறுத்துத் தனிச்சுவை உண்டு, ஆனால் அது வழு ஆகாது. 'சின்ஸ்' வாக்கியமும் இப்படித்தான். 'பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்று தமிழர் நிகழ்காலத்தில் சொல்கிறார்; இந்தி பேசுபவர் 'தஸ் சால் ஸே ரஹ் ரஹா ஹூம்' என்று தொடர் நிகழ்காலத்தில் சொல்கிறார். வசிப்பது இன்னும் தொடர்கிறது, எனவே நிகழ்காலம்: இந்தத் தர்க்கத்தில் குறை காண்பது கடினம்.

ஐரோப்பாவிலும் இதுவே நிலை. ஜெர்மானியர் பத்து ஆண்டுகளாக வசிப்பதை நிகழ்காலத்திலேயே சொல்கிறார், பிரெஞ்சுக்காரரும் அவ்வாறே. நேற்றுப் பார்த்ததை இருவரும் 'ஹேவ்' போன்ற துணைவினையோடு தயக்கமின்றிச் சொல்கிறார்கள். காசி மாணவரும் பாரிஸ் மாணவரும் ஆங்கில வகுப்பில் ஒரே இடத்தில் இடறுகிறார்கள் என்றால், வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்வது ஆங்கிலம்தான். மொழியியலில் இதற்கு நிறைவு நிகழ்காலப் புதிர் என்றே பெயர். 1992இல் வொல்ஃப்காங் கிளைன் அப்பெயரிலேயே கட்டுரை எழுதினார். மொழியியலாளருக்குப் புதிராக இருக்கும் ஒன்று மாணவருக்கு மட்டும் அறிவுக்குறையாகக் கணக்கிடப்பட்டது.

அவ்வாறு கணக்கிடப்பட்டதற்குச் சான்றுகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம் கற்ற வங்காளி ஒரு நகைச்சுவைப் பாத்திரம் ஆகிவிட்டார். எஃப். ஆன்ஸ்டி என்னும் புனைபெயரில் எழுதியவர் 'பஞ்ச்' இதழில் படைத்த பாபு ஜாபர்ஜி, 1897இல் நூல்வடிவமும் பெற்றார், பி.ஏ. பட்டத்தோடு இலண்டனில் உலவும் அவருடைய ஆங்கிலமே வாசகர்களுக்குச் சிரிப்பு. 1907இல் பம்பாய் ஆட்சிப்பணியில் இருந்த ஜார்ஜ் கிளிஃபர்ட் விட்வர்த், இந்தியர் எழுதும் ஆங்கிலத்தின் வழக்குப் பிழைகளைத் தொகுத்து ஒரு முழு நூல் வெளியிட்டார். கேலியும் தொகுப்பும் வேறுவேறு நோக்கங்கள் கொண்டவை. ஆயினும் படித்த இந்தியரின் மனத்தில் இரண்டும் ஒரே பயத்தை விதைத்தன: வாய் திறந்தால் பிழை வெளிப்படும். அந்தக் கேலியை இந்தியர் தமக்குள்ளும் வாங்கிக்கொண்டனர். நிசிம் எசக்கியேல் தம் புகழ்பெற்ற பிரியாவிடைக் கவிதையில் இந்தியரின் தொடர் நிகழ்காலத்தை வைத்தே ஒரு பேச்சாளரை உருவாக்கினார். அதில் பரிவு எவ்வளவு, ஏளனம் எவ்வளவு என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

இந்தப் பயத்துக்கு மருந்தாகவே இலக்கண நூல்கள் வாங்கப்பட்டன. வடமேற்கு மாகாணங்கள், அயோத்தி ஆகியவற்றின் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த ஜே. சி. நெஸ்ஃபீல்டு 1890களில் எழுதிய இலக்கண வரிசை இந்திய உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வேரூன்றியது. அடுத்த தலைமுறைக்கு ரென் அண்டு மார்ட்டின் வந்தது. அதன் ஆசிரியருள் ஒருவரான பி. சி. ரென், பிரெஞ்சு அயலகப் படையைப் பற்றிய 'போ கெஸ்ட்' என்னும் நாவலை 1924இல் எழுதியவர். பம்பாய் மாகாணத்தில் கல்விப் பணியில் இருந்தவர். நாவலை இன்று படிப்போர் குறைவு. இலக்கண நூல் 1930களிலிருந்து பதிப்புக்குமேல் பதிப்பாக இன்றும் விற்கிறது. இந்நூல்கள் நிறைவு நிகழ்காலத்தின் பயன்களை எண்ணிட்டுத் தந்தன: அண்மையில் முடிந்த செயல், காலம் குறிப்பிடப்படாத இறந்தகால அனுபவம், இன்னும் விளைவு தொடரும் செயல், முன்பு தொடங்கி இன்றும் நீடிக்கும் செயல். பட்டியலில் பிழையில்லை. ஆனால் நான்கையும் ஒன்றாக்கும் இழை எது என்று கேட்கும் மாணவருக்குப் பட்டியல் பதில் தரவில்லை.

இதற்கிடையே வேறு குரல்களும் எழுந்தன. டாக்காவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1926இல் வங்காளத்தின் இருமொழியம் பற்றிய ஆய்வை வெளியிட்டார். பெரும்பாலான வங்காள மாணவருக்கு ஆங்கிலத்தால் கிடைக்கும் மெய்யான பயன் வாசிப்பே. இலக்கண விதிகளிலிருந்து தொடங்காமல் எளிய சொற்களாலான வாசிப்பிலிருந்து தொடங்கலாம் என்றார் அவர். பலர் படிப்பை இடையில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தும்போது கையில் ஏதேனும் மிஞ்சவேண்டும் என்னும் அக்கறை அதில் இருந்தது. தேர்வோ வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது.

விடுதலைக்குப் பின் பயிற்சியின் வடிவம் மாறியது. ஹெரால்டு பாமர், ஏ. எஸ். ஹார்ன்பி ஆகியோர் ஜப்பானில் பணியாற்றிய காலத்தில் வளர்த்தெடுத்த வாக்கிய அச்சுகளும் பதிலீட்டு அட்டவணைகளும் இந்தியாவை அடைந்தன. சென்னை மாநிலத்தில் 1950களிலேயே அமைப்புவழிப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அலகாபாதில் ஆங்கிலம் கற்பித்தல் நிறுவனமும், 1958இல் ஹைதராபாதில் மத்திய ஆங்கில நிறுவனமும் தொடங்கப்பட்டன. பின்னது பிற்காலத்தில் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டுத் தவணை தந்திருந்த காலம் அது. வெளியேறும் நாள் குறிக்கப்பட்டிருந்த மொழிக்குப் புதிய பயிற்சி முறைகள் வந்துகொண்டிருந்தன. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அந்தத் தவணையைக் கடந்தும் ஆங்கிலம் தொடர வழிசெய்தது. வகுப்பறை அதை முன்பே ஊகித்திருந்தது போலும்.

அமைப்புவழி முறையில் நிறைவு நிகழ்காலத்தைப் பயிற்றும் விதம் ஆசிரியர் பயிற்சி பெற்ற எவருக்கும் தெரியும். ஆசிரியர் கதவை நோக்கி நடக்கிறார்: 'ஐ ஆம் கோயிங் டு ஓப்பன் தி டோர்'. கதவைத் திறக்கிறார்: 'ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்'. திறந்து முடித்துத் திரும்புகிறார்: 'ஐ ஹேவ் ஓப்பன்ட் தி டோர்'. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் திரும்பச் சொல்கிறது. பிறகு கதவின் இடத்தில் சன்னல், பெட்டி, புத்தகம் என்று அட்டவணையின் கட்டங்கள் நிரம்புகின்றன. சொல்வரிசையைப் பழக்க இது வலுவான முறை. எழுவாய், துணைவினை, மூன்றாம் வடிவம், செயப்படுபொருள் என்னும் வரிசை நாவில் பதிந்துவிடுகிறது. வினையை இறுதியில் வைக்கும் மொழிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அது சிறிய உதவியன்று.

ஆனால் அந்தக் கதவு ஓர் உண்மையை மறைத்தது. திறந்த கதவு கண்முன் திறந்தே இருக்கும்போது நிறைவு நிகழ்காலத்தைத் தேர்வதில் ஐயம் எழ வாய்ப்பே இல்லை. 'யார் திறந்தது, எப்போது திறந்தீர்கள்' என்று ஒருவர் கேட்கும்போது அதே செயலைச் சாதாரண இறந்தகாலத்துக்கு மாற்றவேண்டும். அந்தத் திருப்பத்தை அட்டவணை கற்பிக்கவில்லை. மாணவர் வடிவத்தைக் கற்றார், தேர்வைக் கற்கவில்லை. நாவில் ஏறிய 'ஐ ஹேவ் ஓப்பன்ட்' என்னும் அச்சில் அவர் தம் மொழியின் 'நேற்று'வைச் சேர்த்தார். 'ஐ ஹேவ் ஓப்பன்ட் தி டோர் யெஸ்டர்டே' பிறந்தது. பயிற்சி வென்ற இடத்திலேயே பிழையும் விளைந்தது.

இந்தப் பயிற்சிமுறையின் உள்ளிருந்தே எதிர்ப்பு வந்தது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு வட்டார ஆங்கில நிறுவனத்தின் துணையோடு கர்நாடக, தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய திட்டம், உலக ஆங்கிலக் கல்வி வரலாற்றில் பெங்களூரு திட்டம் என்று பெயர்பெற்றது. அதில் இலக்கண வரிசையும் இல்லை, பதிலீட்டு அட்டவணையும் இல்லை. தொடர்வண்டி அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டறிவது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது போன்ற செயல்களை மாணவர்கள் செய்தனர். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே இலக்கணம் உள்ளே உருவாகும் என்பது பிரபுவின் கருதுகோள். பெரெட்டாவும் டேவிஸும் நடத்திய மதிப்பீடு ஒரு பக்கம் முழுத் தீர்ப்பு வழங்கவில்லை: அமைப்புவழி பயின்றோர் அமைப்புச் சோதனையில் முந்தினர்; திட்டத்தில் பயின்றோர் தம் வகைச் சோதனையிலும், சூழலோடு பொருந்திய மொழித்திறனைக் காணும் சோதனைகள் சிலவற்றிலும் முந்தினர். எதைப் பயிற்றினோமோ அது வந்தது. மிகையின்றிச் சொன்னால் அந்தத் திட்டத்தின் படிப்பினை இதுவே.

அதே பத்தாண்டில் வேறொரு கேள்வியும் எழுந்தது. 1983இல் ஆங்கிலத்தின் இந்தியமயமாதல் பற்றிய நூலை வெளியிட்ட பிரஜ் கச்ரு, இந்திய ஆங்கிலத்தை ஒரு தனி வகையாகக் கொள்ளவேண்டும் என்று வாதிட்டார். ராண்டால்ஃப் குவெர்க் அதை மறுத்தார். பொதுத் தரத்தை மறுப்பது மாணவருக்கே தீங்கு என்பது அவருடைய கருத்து. இருவரின் வாதத்திலும் மாணவர் மீதான அக்கறை உண்டு. ஆயினும் தரம் என்பதே ஒற்றைக்கல் அன்று. 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்று பிரித்தானியர் சொல்லும் இடத்தில் அமெரிக்கர் 'ஐ ஆல்ரெடி ஏட்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார். அமெரிக்கரின் அவ்வாக்கியம் வட்டார வழக்கு என்று மதிக்கப்படுகிறது. இந்தியரின் 'ஹேவ் சீன் யெஸ்டர்டே' பிழை என்று கோடிடப்படுகிறது. இலக்கணத்தைக் காட்டிலும் அதிகாரமே இங்கே அதிகம் பேசுகிறது என்பதை மறுப்பது எளிதன்று.

ஆனால் இன்றைய மாணவருக்கு அந்த விவாதம் மட்டும் உதவாது. பணியாளர் தேர்வாணையத்தின் போட்டித் தேர்வுகளில் பிழை கண்டறிதல் இன்றும் ஒரு வினாவகை. கலைத்துவைத்த சொற்றொடர்களை வரிசைப்படுத்துதலும் அவ்வாறே. ஆன் ஃபிஷரின் 1745ஆம் ஆண்டுப் பயிற்சி இருநூற்றெண்பது ஆண்டுகள் கடந்து ஒரு கணினித் திரையில், நொடிகள் குறைந்துகொண்டிருக்கும்போது, ஒரு சிற்றூர்ப் பட்டதாரியின் முன் வந்து நிற்கிறது. அவரிடம் 'உங்கள் ஆங்கிலம் ஒரு தனி வகை' என்று சொன்னால் மதிப்பெண் கிடைக்காது. 'இன்னும் பயிற்சி செய்யுங்கள்' என்று மட்டும் சொன்னால், எதைப் பயிற்சி செய்வது என்பது விளங்காது.

விளக்கத்துக்கு ஒரு தொடக்கம் 1947இலேயே கிடைத்துவிட்டது. தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைஷன்பாக், காலத்தைப் புரிந்துகொள்ள மூன்று புள்ளிகள் தேவை என்றார்: செயல் நிகழ்ந்த நேரம், பேசும் நேரம், பேசுபவர் எங்கிருந்து பார்க்கிறாரோ அந்த நோக்கு நேரம். சாதாரண இறந்தகாலத்தில் பேசுபவரின் பார்வை செயல் நிகழ்ந்த இடத்துக்குச் சென்று நிற்கிறது. நிறைவு நிகழ்காலத்தில் செயல் பின்னால் இருக்க, பார்வை இங்கே, இப்போது நிற்கிறது. 'யெஸ்டர்டே' என்னும் சொல் பார்வையை நேற்றுக்கு இழுக்கிறது. 'ஹேவ்' இப்போதில் பிடித்துவைக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் மோதுகின்றன. வங்காளத்திலும் இந்தியிலும் மோதுவதில்லை. ரென் அண்டு மார்ட்டினின் நான்கு பயன்களையும் கட்டும் இழை இந்த 'இப்போது'தான். பத்து ஆண்டுகளாக வசிப்பதற்கு 'ஹேவ் பீன் லிவிங்' வருவதும் அதனால்தான்: கடந்த பத்து ஆண்டுகளையும் பேசுபவர் இன்றைய வாசலில் நின்று பார்க்கிறார்.

இதைப் பயிற்றும் களமும் தொலைவில் இல்லை. ஆங்கில நாளிதழ்ச் செய்திகள் பலவற்றின் முதல் வாக்கியம் நிறைவு நிகழ்காலத்தில் தொடங்குகிறது: அமைச்சர் பதவி விலகியிருக்கிறார், 'ஹேஸ் ரிசைன்ட்'. இரண்டாம் வாக்கியத்திலேயே காலம் மாறிவிடுகிறது: கடிதத்தை நேற்று மாலை கொடுத்தார், 'கேவ்'. முதல் வாக்கியம் வாசகரின் இன்றைக்குச் செய்தி சொல்கிறது. இரண்டாவது வாசகரை நேற்றைக்கு அழைத்துச் செல்கிறது. பத்துச் செய்திகளை எடுத்து, எந்த இடத்தில் காலம் திரும்புகிறது, ஏன் திரும்புகிறது என்று மாணவர்கள் கோடிட்டுப் பார்த்தால், நூறு 'கோ, வெண்ட், கான்' தராத ஒன்று அங்கே கிடைக்கும். அதே செய்தியைத் தம் தாய்மொழி நாளிதழில் எடுத்து ஒப்பிட்டால், தம் மொழி எந்த இடத்தில் வேறு வழி செல்கிறது என்பதும் தெரியும். வரிசையைப் பழக்குவதற்கு அட்டவணை இருக்கட்டும். தேர்வைப் பழக்குவதற்கு இரண்டு வாக்கியமாவது நீளும் பேச்சு வேண்டும்.

இருநூறு ஆண்டுகளாகத் திருத்தப்பட்ட அந்த வாக்கியத்தை இனியும் திருத்தவேண்டியிருக்கும்; தேர்வு அதைக் கேட்கிறது. ஆனால் திருத்துவதற்கு முன் ஆசிரியர் ஒரு வரி சொல்லலாம்: உன் மொழியில் இது சரி, ஜெர்மனியிலும் பிரெஞ்சிலும் இதற்கு இணையானது சரி, முன்னூறு நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் இது இருந்தது, இன்றைய ஆங்கிலத்தில் இதற்கு வேறு வழி. அந்த ஒரு வரியைக் கேட்ட மாணவர் சிவப்புக் கோட்டைப் பார்த்துத் தம் அறிவை ஐயப்படமாட்டார். இரண்டு மொழிகளுக்கும் இடையே உள்ள எல்லை எது என்பதை அந்தக் கோட்டிலேயே கண்டுகொள்வார்.